செல் இல்லாத குடுவை

டாக்டர் பட்ட ஆய்வுக்காக மூன்று வருஷமாக அவள் கண்ணும் கருத்துமாக வளர்த்தது மார்பகப் புற்றுநோய் செல்களை. அவை வெளியே துப்பும் நுண்ணிய பொட்டலங்களுக்கு எக்ஸோசோம் என்று பெயர். செல்கள் வளர்ந்த ரோஸ் நிறத் திரவத்தை முதலில் மெதுவாகச் சுழற்றிச் செத்த செல்களைக் கழிப்பாள். பிறகு அசுர வேகத்தில் ஒன்றரை மணி நேரம். குழாயின் அடியில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு படலம் மிஞ்சும்.

அதில் ஒரு புரதம் அகப்பட்டதும், அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியர் துள்ளிக் குதித்தார். ரத்தத்தில் இதைத் தேடினால் நோயை முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்று கட்டுரை தயாரானது. ஒரு மார்பை எடுத்துவிட்டுச் சிகிச்சையில் இருந்த அக்கா, பார்ப்பவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி கண்டுபிடிச்சிட்டா. எம் பொண்ணுக்கு இந்தக் கதி வராது" என்று சொல்லிப் பூரித்தாள்.

கட்டுரையை அனுப்புவதற்கு முந்தின வாரம், மனசு கேட்காமல், செல்லே போடாத குடுவையின் திரவத்தையும் சுழற்றிப் பார்த்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அதே படலம், அதே புரதம். செல்களுக்குத் தீனியாக ஊற்றும் கன்றுக்குட்டி ரத்தச் சீரத்திலிருந்தே அது வந்திருக்கிறது. மறுபடி மறுபடி செய்தாள், மாறவில்லை.

"இதை யாரு செய்யச் சொன்னது?" என்றார் பேராசிரியர்.

"முதல்லயே செஞ்சிருக்கணும் சார்."

"சரி, கட்டுரையில சேர்க்காத."

"அப்ப அது பொய்யாயிடுமே சார்."

"உனக்கு டாக்டர் பட்டம் வேணுமா, உத்தமிங்கிற பட்டம் வேணுமா?"

தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டார்கள், ஒரு வார்த்தை கேட்காமல். அவளிடம் தொழில் கற்ற சக மாணவியின் பெயர் அந்த இடத்தில் ஏறியது.

கட்டுரை வெளிவந்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்து அக்கா போன் செய்தாள். "உன் பேரையே காணோமே? யார்கூடடி சண்டை போட்ட?"

"சண்டை இல்லக்கா. அந்தப் புரதம் புற்றுநோய் செல்லோடது இல்ல, கன்னுக்குட்டியோடது. அதை வெச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது."

அக்கா, "இதை எங்கிட்டச் சொல்லாமயே இருந்திருக்கலாம்" என்றாள்.

கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கு, நடந்ததைச் சொல்லி அவள் கடிதம் எழுதினாள். நாலு மாதம் கழித்து, பேராசிரியரின் விளக்கம் திருப்தியளிப்பதாக இரண்டு வரியில் பதில் வந்தது. அப்போது அவள் ஆய்வை விட்டுவிட்டு ஒரு மருந்துக் கம்பெனியில் பாட்டில் லேபிள் சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். அங்கே என்ன செய்கிறாய் என்று அக்கா ஒருநாளும் கேட்கவில்லை.