வெந்நீர் ஜீப்பு

எங்க வீட்டுக்காரரு பகவதியப்பன் மேலுல பச்சவெள்ளம் பட்டா செத்துப்போவாரு. நான் சொல்லல்ல, அவரு சொன்னது. கல்யாணம் கழிஞ்ச மறுநாள் காலையிலேயே சொன்னாரு. "ஏட்டி தாணம்மா, நமக்குக் கொஞ்சம் நொய்ஞ்ச உடம்பு. வெந்நீர் இல்லாம ஆகாது, கேட்டியா?" அன்னைக்கு அடுப்பு ஊதக் குனிஞ்சவதான் நான்.

வெறும் வெந்நீர்னா பரவாயில்ல. புளியெலை, நொச்சியெலை, பலாவெலை எல்லாம் போட்டுக் கொதிக்க வச்சு, வடிச்சு, கைபொறுக்கிற சூட்டுல விளாவி வைக்கணும். சூடு ஒரு பொட்டு கூடினா, "என்னை அவிச்சுத் திங்கவா போற?"ம்பாரு. குறைஞ்சா தெருவே கேக்கக் கத்துவாரு. எங்க மக சண்முகவடிவைப் பெத்துக் கிடந்தப்பகூட எனக்கு விடுதல் இல்ல. பெத்தவளுக்கு எலை போட்டுக் காய்ச்சி ஊத்துற வேதுவெள்ளத்தை அம்மைக்காரிதான் ஊத்தணும். எங்கம்மை அதுக்கு முன்னாலேயே போய்ச் சேந்துட்டா. நான் பச்ச உடம்போட எந்திரிச்சு, இவருக்கு வெந்நீர் போட்டுக் குடுத்துட்டு, மிச்சம் கிடந்ததை நானே எடுத்து ஊத்திக்கிட்டேன். நினைச்சா இப்பவும் வயிறு எரியும்.

இப்படிப்பட்ட உடம்புக்குக் காட்டு ஆசை வந்ததைத்தான் சொல்ல வந்தேன். கீரிப்பாறை மலையில எஸ்டேட் வெள்ளைக்காரன் ஒருத்தன் கூடாரம் அடிச்சுத் தங்கினதை இவரு பாத்துட்டாரு. வெள்ளைக்காரன் கப்பலேறிப் போயிட்டான், அவன் கூடாரம் எங்க வீட்டுக்கு வந்துட்டு. "கேம்ப் போறோம், வேட்டை ஆடப் போறோம்"னு கூட்டாளிகளைச் சேத்துக்கிட்டுக் கிளம்புவாரு. வேட்டைன்னா பெரிய வேட்டை! இவரு வெடி வச்சா மிருகம் நின்னு பாக்கும், இவருக்குத்தான் காது அடைச்சுப்போவும். இவரு போனா மாட்டு வண்டியில அண்டாவோட நானும் போவணும். எதுக்குங்கிய? வெந்நீர் போட. ஆம்பிளையெல்லாம் கூடாரத்துக்குள்ள சீட்டு விளையாட, நான் நனைஞ்ச விறகோட மல்லுக்கட்டிக்கிட்டு, காலுல அட்டை கடிக்க வெளிய நிப்பேன். நாட்டுக்குச் சுதந்திரம் வந்தாச்சு, மகாராஜா ஆட்சி போயி மந்திரி ஆட்சியும் வந்தாச்சு. என் அண்டாவை மட்டும் யாரும் வாங்கிக்கிடல்ல.

அந்த வருசம் சண்முகவடிவு தலைப்பேறுக்கு வீட்டுக்கு வந்திருந்தா. எனக்கு ஒரே வைராக்கியம், நான் அனுபவிக்காததை எம்மக அனுபவிக்கணும். அவ பெத்து எந்திரிக்கிறது வரைக்கும் என் கையாலதான் வேதுவெள்ளம் ஊத்துவேன்னு மனசுல உறுதி பண்ணி வச்சிருந்தேன். பாத்தா, அவளுக்கு நாள் நெருங்கிக்கிட்டு இருக்கு, இவரு கேம்புக்குக் கூடாரத்தை உதறி வெயில்ல போடுகாரு.

"இஞ்ச பாருங்க, புள்ளை இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. நான் வரல்ல."

"அப்ப எனக்கு யாரு வெந்நீர் போடுவா?"

"ஒங்க கூட்டாளியளுக்குக் கை இல்லையா?"

"அவனுகளுக்குப் பதம் தெரியுமாட்டி? பேறு பாக்க வியாகுலம்மா வருவால்லா, அவ எல்லாம் பாத்துக்கிடுவா. நீ புறப்படு" ன்னாரு. கூடாரத்துல இருந்து கண்ணைக்கூட எடுக்கல்ல, சவம்.

அப்ப வந்து சேந்தான் கமருதீன். குளச்சக்காரன், வண்டி வேலை பாக்கிறவன். சண்டையில பர்மா வரைக்கும் லாரி ஓட்டிட்டு வந்தவன், வாயைத் திறந்தா பர்மாதான் வரும். சண்டை முடிஞ்சு மிலிட்டரிக்காரன் ஏலம் விட்ட ஜீப்பு ஒண்ணை அப்பதான் எங்க வீட்டுக்காரரு தலையில கட்டியிருந்தான்.

"அண்ணாச்சி, அக்காவை ஏன் போட்டு இழுக்கிய? பர்மாவுல எங்க கேப்டன் ஜீப்பு வெந்நீர்லதான் குளிப்பாரு. எஞ்சினுக்குள்ள வெள்ளம் கொதிச்சுச் சும்மாதானே கிடக்கு!"

அவன் சொன்ன ஏற்பாடு எனக்கே வெளங்கிச்சு. பின் சீட்டைக் கழத்திட்டு அந்த இடத்துல அண்டாவைக் கட்டணும். எஞ்சின்ல கொதிக்கிற வெள்ளம் ஒரு ரப்பர் குழாய் வழியா அண்டாவுக்கு வரும், அண்டா வெள்ளம் இன்னொரு குழாய் வழியா எஞ்சினுக்குப் போவும். சுத்திச் சுத்தி அம்பிட்டும் சூடாயிரும். அண்டா அடியில இன்னொரு குழாய், அது நுனியில செடிக்கு ஊத்துற பூவாளி மூக்கு. ஜீப்புக்குப் பின்னால பலகை போட்டு உக்காந்தா மேலுல மழையாட்டு கொட்டும்.

எங்க வீட்டுக்காரரு, "கொள்ளாம்டே!" ன்னு தொடையில தட்டினாரு. அவரைவிட எனக்குத்தான் சந்தோசம். அந்த ஜீப்பு இவரைக் குளிப்பாட்டினா நான் எம்மகளைக் குளிப்பாட்டலாம்லா? என் அண்டாவை நானே தூக்கிக் குடுத்தேன். வேலை முடியிற வரைக்கும் கமருதீனுக்குக் காப்பியும் முறுக்கும் ஓயல்ல. பிள்ளையாருக்குத் தேங்காய் நேந்தேன், கேட்டியளா, ஒரு ஜீப்புக்காக!

வெள்ளோட்டம் எங்க வீட்டு முத்தத்துல நடந்தது. தெருவே கூடிட்டு. எங்க வீட்டுக்காரரு இடுப்புல தோர்த்துத் துண்டைக் கட்டிக்கிட்டு, மேலெல்லாம் எண்ணெ வழிய, மாப்பிள்ளை மாதிரி பலகையில உக்காந்தாரு. கமருதீன் எஞ்சினை முடுக்கினான். முத்தமே நடுங்கிச்சு. கொஞ்ச நேரத்துல பூவாளியில இருந்து ஆவி பறக்க வெந்நீர் கொட்டிச்சு பாருங்க!

"ஏட்டி, பதமாட்டு இருக்குட்டி!"

அப்பாடான்னு இருந்தது எனக்கு. முப்பிடாதி அம்மன் முன்னால ஆடுறவளாட்டு ஆடத் தோணிச்சு.

பின்ன மூக்கைச் சுருக்கினாரு. "எடே கமருதீனே, என்னடே இது ஒரு நாத்தம்?" வெள்ளம் துருப்பிடிச்சுச் செவப்பா வருது, மண்ணெண்ணெயும் இரும்பும் கலந்த ஒரு வாடை. "சூடு கொள்ளாம். ஆனா எலை மணம் இல்லையே. எலை போடாத வெந்நீரை மேலுல ஊத்தினா ஜன்னி வருமே!"

கூடி நின்ன அம்பிட்டுப் பேருக்கும் அது சரின்னு பட்டது. நொச்சி போடணும்னான் ஒருத்தன். புளியெலை இல்லாம என்ன குளின்னான் இன்னொருத்தன். "எங்க உம்மாவும் எலை போடாம வெந்நீர் வைக்கமாட்டா, போடுங்க அண்ணாச்சி" ன்னான் கமருதீன். பர்மா கேப்டன் எலை போட்டானான்னு கேக்க ஒருத்தருக்கும் தோணல்ல. எனக்கு மட்டும் தோணிச்சா? ஓடிப்போயி மடி நிறைய உருவிக் கொண்டுவந்து நானே அண்டாவுல அமுக்கினேன்.

முதல்ல கம்முனு மணம் வந்தது. எல்லாரும் ஆகா ஆகான்னாங்க. இவரு தலை நிறைய சீயக்காயைத் தேய்ச்சுக்கிட்டுக் கண்ணை மூடினாரு. பூவாளி மூக்குல எலை அடைச்சு, சொட்டுச் சொட்டா வடிஞ்சு நின்னுபோச்சு.

"வெள்ளம் வரல்லடே! கண்ணு எரியுது! கூட்டுடே!"

கமருதீன் மிதிச்சான். மிச்ச எலைதான் குழாய் வழியா எஞ்சினுக்குள்ள போயி குடியிருக்கே, வெள்ளம் எங்க சுத்தும்? கடகடன்னு ஒரு சத்தம், முன்னால ஒரே ஆவி, டப்புனு ரப்பர் குழாய் பிடுங்கிக்கிட்டு, வெந்த எலையும் வெள்ளமும் இவரு முதுகுல அடிச்சுது. துள்ளி எந்திரிச்சாரு. தோர்த்து எந்திரிக்கல்ல. பொம்பிளையெல்லாம் முகத்தைத் திருப்பிக்கிட்டுச் சிரிச்சாளுவோ. முதுகு செவந்தது தவிர பெரிசா ஒண்ணுமில்ல. ஜீப்பு ஒரு கேவு கேவிட்டு அடங்கிச்சு.

"பர்மாவுல எஞ்சின் வேற மாதிரி, அண்ணாச்சி" ன்னான் கமருதீன்.

நான் சிரிக்கல்ல. இனி அண்டா என் தலையிலதான். நினைச்ச மாதிரியே, தோர்த்தை இறுக்கிக்கிட்டு என் பக்கம் திரும்பினாரு.

"இந்தச் சவத்து வண்டி வேண்டாம். காளையைப் பூட்டுங்கடே. ஏட்டி, அண்டாவை எடு, புறப்படு."

அந்நேரம் உள்ள இருந்து, "அம்மா!" ன்னு சண்முகவடிவு ஒரு கூப்பாடு போட்டா. வலி கண்டுட்டு.

அண்டாவை எடுத்தேன். எடுத்து, குழாய்க்குப் போட்ட ஓட்டையெல்லாம் கமருதீனை விட்டு ஈயம் வச்சு அடைச்சு, புளியும் சாம்பலும் போட்டு வாடை போகத் தேய்ச்சு, வீட்டு அடுப்புல தூக்கி வச்சேன். வியாகுலம்மாளுக்கு ஆளனுப்பினேன். சாயங்காலம் பொம்பிளைப்புள்ளை பிறந்தது. தலையில காஞ்ச சீயக்காயோட அடுப்படி வாசல்ல வந்து நின்னாரு இவரு.

"ஏட்டி, எனக்குக் கொஞ்சம் வெந்நீர்..."

"இது எம்மகளுக்கு. கிணத்துல வெள்ளம் கிடக்கு, போங்க."

என் வாயில இருந்தா வந்ததுன்னு எனக்கே திகைப்பு. அவரு கிணத்தடிக்குப் போனாரு. உருளைச் சத்தம் கேட்டது. பொய் சொல்லப்படாது, எனக்கு வெப்ராளம்தான். மனுசனுக்கு ஏதாவது ஆயிட்டா? முதல் வாளிக்கு ஒரு அலறல் கேட்டது. அடுத்த வாளிக்கு ஒரு முனகல். அப்புறம் பாத்தா, மனுசன் பாட்டு முணுமுணுக்காரு! தலையைத் துவட்டிக்கிட்டு வந்து, "ஏட்டி, காப்பி இருக்கா?" ன்னு கேட்டாரு.

மறுநாளும் கிணத்தடிதான், அதுக்கு மறுநாளும். ஒரு தும்மல் வரும்னு காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன். ஒரே ஒரு தும்மல் தும்மியிருந்தா என் மனசு ஆறியிருக்கும். வரல்ல. ஜன்னியும் வரல்ல, சளிகூடப் பிடிக்கல்ல. கல்லாட்டு இருந்தாரு.

சண்முகவடிவுக்கு வேதுவெள்ளம் ஊத்திக்கிட்டே இருந்தேன். எனக்குத் தாங்கல்ல, செம்பைக் கீழ வச்சுட்டு அழுதேன்.

"ஏம்மா அழுக? அப்பாவுக்குத்தான் ஒண்ணும் ஆகல்லையே?"

"ஒண்ணும் ஆகல்ல மக்கா" ன்னேன். "அதுக்குத்தான் அழுகேன்."