தெற்கே பார்த்த தகடுகள்

என் வீட்டுக்காரர் பூமிநாதனுக்கு மரியாதை என்றால் உயிர். மற்றவர்கள் அவருக்குத் தர வேண்டிய மரியாதையைச் சொல்கிறேன். டீக்கடையில் ஒருவன் கால்மேல் கால் போட்டால் குற்றம், பஸ்ஸில் ஒருவன் எழுந்து இடம் தராவிட்டால் குற்றம். பரமக்குடி ஜவுளிக்கடையில் பொம்மைக்குக் கட்டியிருந்த வேட்டி தன் வேட்டியைவிடப் பளிச்சென்று இருந்ததால் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்த மனிதர் அவர். இப்படிப்பட்டவர் நாலு கண்ணாடித் தகடுகளோடு சண்டைக்குப் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

திருப்பாலைக்குடிக்குச் சற்று மேற்கே எங்கள் ஊர். வீட்டுக் கிணறு எல்லாம் உப்பு. வடக்கே எங்கள் தெரு, தெற்கே எங்கள் வயலில் வேலை செய்கிறவர்களின் காலனி, நடுவில் பொதுவாக ஒரு ஆழ்துளைக் கிணறு. அதில் மட்டும்தான் நல்ல தண்ணீர். ஊருக்குக் கம்பி வந்திருந்தது, கரண்ட்தான் வருவதில்லை. தண்ணீர் இறைக்க டீசல் எஞ்சின் ஒன்று உண்டு. பஞ்சாயத்து வாங்கிய டீசலில் பாதி எங்கள் வயல் பம்ப்செட்டுக்குத்தான் போனது. கொண்டுபோனவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எஞ்சின் நின்றால் எங்கள் வீட்டுக்கு மாட்டுவண்டியில் தண்ணீர் வந்துவிடும். காலனிப் பெண்கள் கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி, குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வருவார்கள். எங்கள் வீட்டில் வேலை செய்யும் செவ்வந்திக்கு அப்படி நடந்தே இரண்டு கரு கலைந்துபோனது.

தொண்ணூற்றெட்டு வைகாசியில் அரசாங்கத்து ஆட்கள் வந்து எஞ்சினைக் கழற்றிவிட்டு, சோலார் பம்ப் வைத்தார்கள். ஒரு வருஷம் சோதனை, இடையில் சரியாகத் தண்ணீர் தராவிட்டால் வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வெயிலை வாங்கும் கண்ணாடித் தகடுகள் நாலும் தெற்கே பார்த்துச் சாய்ந்து நின்றன. தண்ணீர் கொட்டியது. செவ்வந்தி காலனிக் குழாயில் குடம் நிறைவதை, ஏதோ சாமி வந்ததைப்போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆனி பிறந்ததும் என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் நடந்து போனார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு செவ்வந்தியின் புருஷன் கூத்தையாவைக் கூப்பிட்டார்.

“ஏலே கூத்தையா, இது எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்குது?”

“காலனிப் பக்கம்யா.”

“அப்ப எங்க தெருவுக்கு?”

கூத்தையா தலையைச் சொறிந்தான்.

“முதுகு! காலனிக்கு மூஞ்சி, எங்களுக்கு முதுகா? திருப்புலே அதை!”

கூத்தையா போல்ட்டைக் கழற்றித் தகடுகளை வடக்கே திருப்பினான். எங்கள் தெருப் பெரிய மனிதர்கள் நாலு பேர் வந்து, அவை தங்களைப் பார்க்கின்றனவா என்று நின்று பார்த்துத் திருப்திப்பட்டார்கள். படித்தவர்கள் வேறு.

அது சூரியன் வடக்கே சாய்ந்திருந்த காலம். தண்ணீர் குறையவில்லை. “பாத்தியா, எஞ்சினியருக்கு என்ன தெரியும்!” என்று என் வீட்டுக்காரர் இரண்டு மாதம் மீசையைத் தடவினார். ஐப்பசிக்குப் பிறகு சூரியன் தெற்கே ஒதுங்கியது. அது கொல்லையில் துணி காயப்போடுகிற எவளுக்கும் தெரியும். மழை விட்டு மார்கழி வந்தபோது குழாயில் நூல்போல ஒழுகியது, பிறகு அதுவும் இல்லை.

“தகட்டைப் பழையபடி திருப்பச் சொல்லுங்க” என்றேன்.

“மெசின் மட்டம். நீ ஒன் வேலையப் பாரு.”

செவ்வந்திக்கு அப்போது நாலாம் மாதம். மறுபடியும் குடத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். போகாதே என்றேன். “வேற யாரும்மா போவா? மாமியாளுக்குக் கண்ணு தெரியாது” என்றாள். எங்கள் வண்டித் தண்ணீரில் ஒரு குடம் கொடுத்தேன். அது அவருக்குத் தெரிந்து, அன்றைக்கு முழுவதும் வீட்டில் ஒரே பிரசங்கம். இந்த மனிதரோடு முப்பது வருஷம் ஒரே பாயில் படுத்திருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் நின்ற செய்தி போய், தை மாதத்தில் அதிகாரி வந்தார். பின்னாலேயே பம்பை ஏற்றிக்கொண்டு போக ஒரு லாரியும் வந்தது. லாரியைப் பார்த்ததும் காலனிப் பெண்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். செவ்வந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள்.

அதிகாரி தகடுகளைப் பார்த்துவிட்டு, “இதை வடக்கே திருப்பினது யார்?” என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர், மரியாதைக்காக உயிரை விடுகிறவர், நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “காத்துல திரும்பிருச்சு சார்.”

“நாலு போல்ட்டும் காத்துலயா?”

“காத்து இல்ல சார்” என்றாள் செவ்வந்தி. “அய்யாதான் திருப்பச் சொன்னாக. எங்க வீட்டுக்காரருதான் திருப்புனாரு. மெசினு நல்லாத்தான் இருக்கு, கொண்டுபோயிராதீக.”

“ஏலே கூத்தையா, ஒம் பொண்டாட்டி வாய மூடச் சொல்லு! நாளைக்கு என் வயல்ல கால வைக்கணுமா வேணாமா?” என்று கத்தியவர், அதிகாரி முன்னால் கௌரவம் போகிறதே என்று சுற்றுமுற்றும் பார்த்தார். தெரு ஓரத்தில் நான் நிற்பது தெரிந்தது. முகம் தெளிந்துவிட்டது. “என் சம்சாரம் இருக்கா சார், பொய் பேச மாட்டா. ராமலெட்சுமி, நீ சொல்லு, நான் திருப்பச் சொன்னனா?”

“நீங்கதான் சொன்னீக” என்றேன். “காலனிக்கு மூஞ்சியாம், நமக்கு முதுகாம். அதுக்காகத்தான் சார் திருப்புனாக.”

லாரிக்காரன்தான் முதலில் சிரித்தான். அதிகாரி சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். எங்கள் தெருப் பெரிய மனிதர்கள் நாலு பேரும், தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல வேறெங்கோ பார்த்தார்கள்.

கூத்தையா தகடுகளைத் தெற்கே திருப்பினான். மோட்டார் முனகியது. காலனிக் குழாய் இரண்டு முறை இருமிவிட்டுக் கொட்டத் தொடங்கியது. லாரி வெறுமனே திரும்பிப் போனது. நான் காலனிக்குள் நடந்து போய், குடம் பிடித்துக்கொண்டிருந்த செவ்வந்திக்கு முன்னால் தண்ணீருக்கு இரண்டு கையையும் ஏந்தினேன். அவள் பயந்துபோய் என் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

“அங்கன என்ன பாக்குற? ஊத்து” என்றேன்.

ஊற்றினாள்.

“வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்” என்றார் அவர்.

“பேசுங்க. முப்பது வருசமா நீங்க மட்டுந்தான பேசுறீக. போங்க, தண்ணி குடிச்சிட்டு வாரேன்.”

எனக்குத் தாகம் ஒன்றும் பெரிதாக இல்லை. இருந்தாலும் இன்னொரு முறை கையை ஏந்தினேன்.