ஊன்றிய குதிக்கால்

எமில் பத்து டிவிடிகளைக் கொண்டுவந்து தங்கை றீற்றாவின் கட்டிலில் வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்றான். சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றான். அவன் உள்ளே வந்தால் அந்த அறையில் இரண்டு பேருக்கு இடம் போதாது.

அவனுடைய அணியில் அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த எல்லோரிடமும் கோச் இதைக் கேட்டிருந்தார். முதல் சீசன் முடிந்துவிட்டது. ஒவ்வொருவனும் தான் விளையாடிய ஆட்டங்களைத் தானே திரும்பப் பார்த்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதவேண்டும். என்ன செய்தாய்? என்ன செய்யவில்லை? நீ கோச்சாக இருந்தால் உன்னை அடுத்த வருடமும் வைத்திருப்பாயா? வெள்ளிக்கிழமை கோச்சைத் தனியாகச் சந்திக்கிற டெர்மினுக்கு அந்தத் தாளோடு வரவேண்டும்.

"நீ பாக்கேல்லையோ?" என்று றீற்றா கேட்டாள்.

"எனக்கு என்னைப் பாக்க ஏலாது. நீ பார். நீ பொய் எழுதமாட்டாய்."

றீற்றாவுக்குப் பத்தொன்பது வயது. பள்ளியை விட்டு இரண்டு வருடமாகிறது. ஜேர்மன் பள்ளிக்கூடத்தில் பாதிப் புள்ளி வகுப்பில் கை உயர்த்திப் பேசுவதற்கு. எழுத்துச் சோதனைகளில் அவள் முன்னுக்கு வருவாள், வகுப்பில் வாய் திறக்கமாட்டாள். ஒவ்வொரு அறிக்கையிலும் ஆசிரியர்கள் அதே வசனத்தை எழுதினார்கள். பதினோராம் வகுப்பின் நடுவில் ஒருநாள் போகாமல் விட்டாள், மறுநாளும் போகவில்லை. இப்போது காலை ஆறு மணியிலிருந்து ஒரு மணிவரை ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் விரிப்பு மடிக்கிறாள். அங்கே இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை.

எமில் விளையாடுவது அமெரிக்கக் காற்பந்து. அதில் காலால் உதைப்பது குறைவு, கையால் எறிவதும் ஆளோடு ஆள் மோதுவதும்தான் அதிகம். அமெரிக்கர்கள் ஐரோப்பாவில் நடத்திய அந்தத் தொழில்முறைப் போட்டியில் ஒவ்வோர் அணியும் உள்ளூர்ப் பையன்கள் சிலரையும் சேர்க்கவேண்டும் என்று விதி இருந்தது. அப்படி ஹம்பேர்க் அணியில் சேர்ந்தவன் எமில். இருபத்தொரு வயது, நூற்றுப் பதினெட்டு கிலோ. மன்னாரிலிருந்து வந்த குடும்பத்தில் இந்த உடம்பு எங்கிருந்து வந்தது என்று கோயிலில் கேட்டால் அம்மா சிசிலி, எல்லாம் ஜேர்மன் பால்தான் என்பாள்.

அவனுக்கு ஒரே ஒரு வேலை. எதிரணியில் பந்தை எறிகிறவனைக் குவாட்டர்பேக் என்பார்கள். அவன் எறிவதற்கு முன், எமில் தன்னை மறித்து நிற்பவனைக் கடந்து ஓடிப்போய் எறிகிறவனை விழுத்தவேண்டும். விழுத்தினால் அதற்கு சாக் என்று பெயர். அப்பா ஸ்ரனிஸ்லாஸ் அதைக் கோல் என்பார். எமில் ஒன்றிரண்டு தடவை திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

அப்பாவுக்கும் எமிலுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. லிஃப்ட் பூட்டும் நிறுவனமொன்றில் எமிலுக்கு அவுஸ்பில்டுங், சம்பளத்தோடு தொழில் பழகும் இடம், கிடைத்திருந்தது. அந்த இடத்தை ஒரு வருடம் பிற்போட்டுத்தான் விளையாடப் போனான். அணி அவனை வைத்திருந்தால் விளையாடலாம், விட்டுவிட்டால் செப்டம்பரில் லிஃப்ட் வேலைக்குப் போகவேண்டும். தொடக்கத்தில் அப்பா இதை மனமில்லாமல்தான் ஒப்புக்கொண்டார். முதல் இரண்டு ஆட்டங்களுக்குப் பிறகு மைதானத்துக்கு முதல் ஆளாகப் போகத் தொடங்கினார். மகனின் தொண்ணூற்று நான்காம் இலக்கம் போட்ட பனியனை ஜக்கெற்றுக்கு மேலால் போட்டுக்கொண்டு போவார்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் தேநீர் கொடுப்பார்கள். எமிலின் சீசனுக்கு அங்கே வாராவாரம் தீர்ப்பு நடக்கும். அந்த ஞாயிறும் நடந்தது. தீர்ப்புச் சொல்வதில் தம்பித்துரை அண்ணைதான் முதல் ஆள். ஒரு ஆட்டத்துக்குக்கூட வந்ததில்லை, பேப்பரில் பார்ப்பவர்.

"ஆறு மட்சில நாலு பேரை விழுத்தினவன், மிச்ச நாலிலயும் ஏன் படுத்திட்டான்? வீட்டில சோறு காணாதோ, ஸ்ரனிஸ்லாஸ்?"

பிற்பாடு ஒவ்வோர் ஆட்டத்திலும் இரண்டு பேரை விட்டு மறிக்கிறார்கள், பெயர் எடுத்தவனுக்கு அப்படித்தான் என்று அப்பா விளக்கினார். எமில் பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்துக்கொண்டு நின்றான். தன்னைப் பற்றிய பேச்சு என்றே அவன் முகத்தில் தெரியவில்லை.

திங்கட்கிழமை வேலையால் வந்து றீற்றா பார்க்கத் தொடங்கினாள். அணியின் கமரா மேலிருந்து எடுத்த படம் அது. வர்ணனை இல்லை, சத்தமே இல்லை. இருபத்திரண்டு பேர் குனிகிறார்கள், ஓடுகிறார்கள், விழுகிறார்கள், எழும்பித் திரும்பக் குனிகிறார்கள். முதல் ஆட்டத்தில் எமில் நின்ற இடத்தைவிட்டு அசையவே முடியாமல் மூன்று தடவை குப்புற விழுந்தான். இரண்டாவதில் கையை எப்படிப் போடுவது என்று கற்றுக்கொண்டிருந்தான். மூன்றாவதில் முதல் சாக். ஐந்தாவது முடிய மூன்று. அவள் ஒவ்வொரு தடவையையும் கோடு போட்டு எண்ணினாள்.

ஆறாவது ஆட்டத்துக்கு அவளும் போயிருந்தாள். ஹம்பேர்க்கில் நடந்தது. குவாட்டர்பேக் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். எமில் அவன் முதுகுப் பக்கமாக வந்து முழு வேகத்தில் மோதினான். பிழையான அடி இல்லை, நடுவர் கொடியும் எறியவில்லை. சனம் எழும்பிக் கத்தியது, அப்பா முன்னுக்கு இருந்தவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகுதான் விழுந்தவன் எழும்பவில்லை என்று தெரிந்தது. அவனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனபோது எல்லோரும் மரியாதைக்குக் கைதட்டினார்கள். கழுத்தில் ஏதோ, நடக்கிறான், ஆனால் இனி விளையாடமாட்டான் என்று பிறகு பேப்பரில் வந்தது. டிவிடியில் அது முழுதும் நாலு நிமிடம். அந்த நாலு நிமிடமும் எமில் கோட்டோரம் தலைக்கவசத்தைக் கழற்றாமல் நின்றான்.

ஏழாம் ஆட்டத்தைப் புதன்கிழமை பார்த்தாள். அப்பா சொன்னது சரியில்லை. இரண்டு பேர் மறித்தது எப்போதாவதுதான். எமில் முன்னையைவிட வேகமாக ஆளைக் கடந்தான். கடந்தும் குவாட்டர்பேக்கிடம் போய்ச் சேரவில்லை. ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். பாய்ந்து போய் மோதுகிறவன் கடைசிவரை முன்பாதத்தில்தான் ஓடுவான். எமில் குவாட்டர்பேக்குக்கு இரண்டு எட்டுத் தூரத்தில் இடது குதிக்காலை நிலத்தில் ஊன்றினான். பஸ்ஸைத் தவறவிட்டவன் ஓட்டத்தை விடுவானே, அப்படி. அதற்குள் பந்து போய்விடும். எமில் பிந்தி வந்தவன்போல எறிந்தவனின் முதுகில் மெல்லக் கையை வைத்துவிட்டுத் திரும்பி வருவான். கடைசி நாலு ஆட்டங்களிலும் பதினொரு தடவை ஆளைக் கடந்திருந்தான். பதினொரு தடவையும் அந்தக் குதிக்கால்.

எமில் குசினியில் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

"அண்ணா, ஏழாம் மட்சில இருந்து நீ நிப்பாட்டுறாய்."

"என்னத்தை?"

"ஓட்டத்தை. கிட்டப் போன உடனே."

அவன் கத்தியைத் துடைத்து வைத்தான். "கோச்சுக்கே தெரியேல்லை."

"எனக்குத் தெரியுது."

"ஆறாம் மட்சில அவன் விழேக்க ஒரு சத்தம் வந்தது, றீற்றா. மெத்தையில இருந்து காத்துப் போற மாதிரி. பிறகு எனக்கு ஒண்டும் வரேல்லை. பயமும் இல்லை, கவலையும் இல்லை. கால் மட்டும் நிண்டிடுது."

"இதை எழுதினா உன்னை விட்டிடுவாங்கள்."

"எழுது" என்றுவிட்டு அவன் பாணோடு அறைக்குப் போனான்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. விளையாட விருப்பமில்லை என்று எமில் அப்பாவுக்குச் சொல்லமாட்டான். தொண்ணூற்று நான்காம் இலக்கப் பனியனைப் போட்டிருக்கிற மனிதருக்கு அதைச் சொல்ல அவனால் ஏலாது. அணி அவனை விட்டால் யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஆறு மாதத்தில் அவன் சிரித்துப் பேசும் ஆளாகத் திரும்புவானா, இல்லை இப்படியே இருப்பானா என்பது இந்தத் தாளில்தான் இருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

வியாழக்கிழமை எழுதினாள். என்ன செய்தான் என்பதற்கு ஐந்து வரி. என்ன செய்யவில்லை என்பதற்கு, எந்த ஆட்டத்தில் எந்த நிமிடத்தில் குதிக்கால் ஊன்றியது என்று பதினொன்றையும் எழுதினாள். மூன்றாவது கேள்விக்கு ஒரே வரி. இவனை வைத்திருக்கமாட்டேன், இவன் போய்ச் சேரமாட்டான். எமில் வாசித்தான். தன் கையெழுத்தில் பார்த்து எழுதினான், ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டம். நகரம் முழுக்க மற்றக் காற்பந்துக்காக ஜன்னல்களில் கொடி கட்டியிருந்தது. எமில் ஐந்தரைக்கு வந்தான். அம்மா புட்டும் மீன்குழம்பும் வைத்திருந்தாள். நாலு பேரும் சாப்பிட இருந்தார்கள். அப்பா புட்டைக் குழம்போடு குழைத்தபடி அவன் முகத்தையே பார்த்தார்.

எமில் கோப்பையைப் பார்த்தபடி சொன்னான். கோச் அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தாராம். பிறகு எழும்பிக் கைகொடுத்தாராம். மற்ற எல்லோரும் என்னை வைத்திருங்கள் என்றுதான் எழுதியிருந்தார்கள், தன் பிழையை நிமிடக் கணக்கில் கண்டுபிடித்தவன் நீ ஒருவன்தான் என்றாராம். கால் ஒரு குளிர்காலத்தில் திருத்திவிடக்கூடிய விஷயம், பிழையைக் காணும் கண் அப்படிப் பழக்கி வராது என்றாராம். அவனை வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை கையெழுத்துப் போடவேண்டும்.

"நீ என்ன சொன்னனீ?" என்று றீற்றா கேட்டாள்.

"நன்றி எண்டன்."

அப்பா கையைக் கழுவாமலே எழும்பினார். தம்பித்துரைக்கு இப்போதே சொல்லவேண்டும் என்று தொலைபேசியிடம் போனார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். எமில் புட்டை விரலால் ஒதுக்கி ஒதுக்கி ஒரு பக்கமாகச் சேர்த்தான். றீற்றா அந்த விரலைப் பார்த்தாள். தான் எழுதிய பக்கம்தான் அவனைத் திரும்ப மைதானத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. அப்பா இலக்கங்களை அழுத்தத் தொடங்கினார். இரண்டு, மூன்று, நாலு.

"அப்பா, வையுங்கோ."

அவள் குரல் அந்த வீட்டில் அவ்வளவு பலமாகக் கேட்டதில்லை. அப்பா திரும்பிப் பார்த்தார்.

"அவனுக்கு ஏலாது அப்பா. நான் பத்தும் பாத்தனான். அதை எழுதினதும் நான்தான்."

"தம்பி?" என்றார் அப்பா.

எமில் தலையை நிமிர்த்தவில்லை. "எனக்கு ஆக்களை விழுத்த ஏலாது, அப்பா."

அயல்வீட்டுப் பல்கனிகளில் எல்லோரும் ஒரேயடியாகக் கத்தினார்கள். ஜேர்மனி முதல் கோல் அடித்திருக்கவேண்டும். அது அடங்கும்வரை அப்பா நின்றார்.

"இதைச் சொல்ல உனக்குத் தங்கச்சி வேணுமோ?"

அப்பா தொலைபேசியை வைத்தார். அதில் குழம்பு பட்டிருந்தது, அம்மா துணியால் துடைத்தாள். அவர் கதிரையில் வந்து இருந்து, ஆறிப்போன புட்டை நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, அந்த லிஃப்ட் மனிதர் இடத்தை செப்டம்பர்வரை வைத்திருப்பதாகத்தானே சொன்னவர், திங்கட்கிழமை காலை நீயே போன் எடுத்துக் கேள் என்றார். கோச்சுக்கும் நீயே சொல் என்றார். எமில் தலையாட்டினான். அவன் முகத்தில் ஏதாவது வரும் என்று றீற்றா காத்திருந்தாள், நிம்மதியோ அழுகையோ. வரவில்லை. கோப்பைகளை எடுத்துக் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மண்டபத்தில் தம்பித்துரை அண்ணை அப்பாவைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை போன் வரும் என்று பார்த்திருந்தாராம், வரவில்லையாம். என்ன சேதி, வைத்திருக்கிறார்களா, கலைத்துவிட்டார்களா?

"வைச்சிருக்கத்தான் கேட்டவங்கள்" என்றார் அப்பா. "இவனுக்குத் தோள் மூட்டு. இனி மோதக்கூடாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

சுற்றி நின்றவர்கள் ஐயோ என்றார்கள். நற்கருணை வாங்கி அரை மணித்தியாலம் ஆகவில்லை, அம்மா நிலத்தைப் பார்த்தாள். நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கச் சொல்லி ஒரு பெண் அவளுக்குச் செய்முறை சொல்லத் தொடங்கினாள். பிள்ளைக்கு வலிக்கிறதோ என்று தம்பித்துரை அண்ணை கேட்டார். இந்தமுறை அவர் பகிடி விடவில்லை. எமில் கொஞ்சம் என்றான்.

தேநீர் முடிந்து கதிரைகளை அடுக்கவேண்டும். எமில் எப்போதும் ஆறு ஆறாகத் தூக்குவான். அன்று ஒரு கதிரையின் முதுகைப் பிடித்தவன் அப்படியே நின்றான். பிறகு றீற்றாவின் பக்கம் குனிந்தான்.

"அப்பா எந்தத் தோள் எண்டு சொன்னவரோ?"

"சொல்லேல்லை."

அவன் யோசித்தான். "அப்ப வலது" என்று வலக்கையை ஜக்கெற்றுப் பைக்குள் விட்டுக்கொண்டு, இடக்கையால் ஒவ்வொன்றாக இழுக்கத் தொடங்கினான். றீற்றா மற்றப் பக்கத்தால் தூக்கினாள்.