மச்சான் தலையில் பட்ட வெயில்

என் மனைவி இரண்டு செம்பருத்திச் செடிகளுக்கு மகரந்தம் மாற்றித் தடவிக் கல்யாணம் செய்துவைத்து, பிறந்த செடியைப் பேத்தி மாதிரி வளர்த்தாள். அன்று காலை அதில் முதல் பூ. ஆரஞ்சு நிறம், நடுவில் ஊதா. அளவோ, சத்தியமாகச் சொல்கிறேன், சாப்பாட்டுத் தட்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. செடி வளர்ப்போர் சங்கத்தின் காலண்டருக்குப் படம் அனுப்ப அன்றே கடைசி நாள். சாயங்காலம் பூ சுருங்கிவிடும்.

"ஏங்க, இது காலண்டர்ல வரலைன்னா எனக்குச் சோறு இறங்காது."

அவளுக்கு இறங்காவிட்டால் எனக்கு உலையே ஏறாது.

நான் ஓய்வுபெற்ற எக்ஸ்ரேக்காரன். ஊரில் பாதிப்பேரின் விலா எலும்பை முதலில் பார்த்தவன். கேமராவில் பூவை நட்டநடுவில் நிறுத்தி, பழக்கதோஷத்தில், "மூச்சை இழுத்துப் பிடி, அசையாதே" என்று அதற்கு உத்தரவிட்டு அழுத்தினேன்.

மனைவி பார்த்தாள். "பூ எங்கங்க?"

வெயில் நேராக அடித்ததில் பூ வெறும் ஆரஞ்சுத் திட்டு. பின்னால் கொடியில் காய்ந்த என் பனியன்தான் ஓட்டை உட்படத் துல்லியம்.

"பனியனையே அனுப்பிடலாம் அத்தான்," என்றான் மச்சான், அவளுடைய தம்பி. "மாசத்துக்கு ஒண்ணா பன்னிரண்டு ஓட்டை இருக்கு."

"நெஞ்சுப் படமா எடுக்குறீங்க? ஓரமா வைங்க, மொட்டும் தெரியட்டும்," என்றாள் மனைவி.

மறுபக்கம் போய் மண்ணில் படுத்தேன். பனியன் ஒழிந்தது, பின்னணியில் மரத்தின் இருண்ட இலைகள். பூவுக்குப் பின்னாலிருந்து வெயில் ஊடுருவ, இதழ்கள் நரம்பு நரம்பாக ஒளிர்ந்தன. அட, இது நம்ம தொழில்!

ஆனால் பூவின் முகம் இருட்டு. என்னவென்று பார்க்க மச்சான் தொப்பியைக் கழற்றிவிட்டு என் பக்கம் குனிந்தான். அவன் வழுக்கையில் பட்ட வெயில் திரும்பிப் பூவின் முகத்தில் விழுந்தது.

"டேய், அசையாதே!" நானும் மனைவியும் சேர்ந்து கத்தினோம்.

"கொசு கடிக்குது அத்தான்!"

"கடிக்கட்டும். தலையை இடது பக்கம் சாய்... இன்னும்..."

மகரந்த முனையில் ஃபோகஸ் வைத்து, காற்று ஓயும்வரை காத்திருந்தேன். இந்தத் தடவை மூச்சைப் பிடித்தது நான். அழுத்தினேன்.

என்னைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. படத்தைப் பார்த்த மனைவி ஒரு குறையும் சொல்லவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே அது முதல் தடவை.

காலண்டர் வந்தது. அட்டையிலேயே நம் பூ! கூடத்தில் மாட்டிவிட்டு, போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்தாள்.

"அக்கா பேரு போட்டிருக்கு, அத்தான் பேரு போட்டிருக்கு. என் தலை எங்க?" என்றான் மச்சான்.

"பூ முகத்துல இருக்கிற வெளிச்சம் பூரா நீதாண்டா," என்றாள் அவள்.

இப்போதெல்லாம் மொட்டு விட்டால் போதும், போன் வந்துவிடுகிறது: "அக்கா, தலையில எண்ணெய் தேய்ச்சுட்டு வரவா?"