இரும்புக் கேட்

ஸ்ரீவர்தன் சார் எங்களுக்குத் தரவேண்டியது பதினோராயிரத்து நானூறு ரூபாய். எனக்கும் என் மனைவி புவனேஸ்வரிக்கும் சேர்த்துத் தை மாதத்துக் கூலி. அறுப்பு முடிந்ததும் மொத்தமாகத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அந்தப் பணத்துக்கு ஒரே வேலைதான் வைத்திருந்தோம். வீட்டுக்குக் கதவு. அரசாங்கத் திட்டத்தில் கட்டிய வீடு. தளம் போட்டதும் காசு தீர்ந்துபோனது. வாசலில் புவனேஸ்வரியின் பழைய புடவை தொங்கியது. காற்றடித்தால் தெருவுக்கு வீடு முழுக்கத் தெரியும். நாய் வந்து சோற்றுப் பானையை உருட்டும். ஐயம்பேட்டைப் பழைய மரக்கடை சத்யராஜ் எங்களுக்காக ஒரு வேப்பமரக் கதவைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்.

"மாசி முடியற வரிக்கும் பாப்பேன் கதிர்வேலு. அப்புறம் கேக்குறவங்களுக்குக் குடுத்துருவேன்பா."

சார் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். எங்கள் ஊர் கூரத்தில் ஒரு ஏக்கர் ஒயின் திராட்சை போட்டிருந்தார். ஒயினுக்கு என்று வீட்டில் சொல்லவில்லை.

"எங்கம்மா வந்து கேட்டா கிஸ்மிஸ்னு சொல்லு, கதிர்வேல்."

அம்மா வரவேயில்லை. நாங்கள் மட்டும் கிஸ்மிஸ் கிஸ்மிஸ் என்று சிரித்துக்கொள்வோம்.

காய் கட்டியதும் பாதிக் குலையைப் பச்சையிலேயே வெட்டச் சொன்னார். மிச்சத்தில் இனிப்பு ஏறவேண்டுமாம். வெட்டிப் போட்டதை மிதித்து நடக்க மனசு வரவில்லை. பழுக்கும் நேரத்தில் தண்ணீரையும் நிறுத்தினார்.

"இன்னாயா இது? காயப்போட்டுட்டுப் பழம் கேக்குறாரு" என்றாள் புவனேஸ்வரி.

"நம்மளயும் அப்டித்தான வெச்சிருக்காரு? நமக்கும் இனிப்பு ஏறும் பாரு."

மாசியில் எப்போதும் பெய்யாத மழை அந்த வருஷம் பெய்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. பழம் வெடிக்கத் தொடங்கியதும் சார் பயந்துபோய் அறுக்கச் சொல்லிவிட்டார். விடியற்காலையில் இறங்கி, வெயில் ஏறுமுன் பெட்டி பெட்டியாக அடுக்கிவிட்டோம். லாரியோடு வந்த கம்பெனிப் பையன் ஒரு பழத்தை நசுக்கி, கண்ணாடிக் கருவி ஒன்றில் சாற்றைத் தடவி, வெளிச்சத்தில் பார்த்தான்.

"இனிப்பு இருபத்திரண்டு இருக்கணும் சார். பதினேழுதான் இருக்கு. மழைத்தண்ணிய நாங்க காசு குடுத்து வாங்க முடியாது."

லாரி காலியாகத் திரும்பியது. சார் எங்கள் பக்கம் பார்க்காமலேயே சொன்னார்: "பழத்தை எடுத்துண்டு போய் வித்துக்கோங்கோ. கூலி அதுலயே வந்துடும்."

ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஐயம்பேட்டை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். சுண்டைக்காய் அளவுப் பழம், தடித்த தோல், உள்ளே கொட்டை. ஒரு பெண் வாயில் போட்ட வேகத்தில் துப்பினாள்.

"இன்னாமா இது, திராட்சையா களாக்காயா? தோலும் கொட்டயுமா இருக்குது!"

ஆட்டோ காசுகூடத் தேறவில்லை. மிச்சத்தைச் சாயங்காலம் ஆடுகள் தின்றன.

மாசி முடிந்தது. மரக்கடைக்குப் போனேன். கதவு சாய்ந்திருந்த இடத்தில் சுவர் மட்டும் தூசி படியாமல் இருந்தது.

சித்திரையில் சார் கொடிகளைப் பிடுங்கி எறிந்தார். நிலத்தை மனை போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டாராம். கூலி கேட்டு இருவரும் போய் நின்றோம்.

"கையில பணமா இல்லை, கதிர்வேல். இந்தத் தோட்டத்து கேட்டை எடுத்துண்டு போ. நல்ல இரும்பு, பதினைஞ்சாயிரத்துக்குப் போட்டது. கணக்கு நேராயிடுத்து, சரியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் புவனேஸ்வரி முந்திக்கொண்டாள். "எடுய்யா. இதயும் எவனாவது தூக்கிக்கினு போறதுக்குள்ள எடு."

மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் கொண்டுவந்தோம். எங்கள் வாசலைவிட கேட் ஒன்றரை முழம் அகலம். நிலையில் மாட்ட வழியில்லை. வெளிப்பக்கம் சாய்த்து, திராட்சைக் கொடி கட்டிய கம்பியாலேயே ஜன்னலோடு சேர்த்துக் கட்டினேன். 'அந்நியர் உள்ளே வரக்கூடாது' என்ற தகரப் பலகை அதிலேயே இருந்தது. கம்பிக் கேட்தான், உள்ளே இருப்பதெல்லாம் தெருவுக்குத் தெரிந்தது.

புவனேஸ்வரி கழற்றி மடித்து வைத்திருந்த புடவையை எடுத்தாள்.

"பாக்கி ஒண்ணும் இல்லதான?"

"இல்ல. எல்லாம் தீந்துபோச்சு."

கேட்டுக்குப் பின்னால் புடவையைத் திரும்பவும் கட்டினாள்.