ஒரே பீஸ் சீட்

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் டயரை உதைத்துப் பார்ப்பார்கள். எதற்கென்று எட்வர்டுக்குத் தெரியாது. இருந்தாலும் உதைத்தான். கட்டைவிரல்தான் வலித்தது.

"டயரு ஸ்ட்ராங்கா கீது" என்றான், நொண்டாமல் நிற்க முயன்றபடி.

வேப்பம்பட்டில், வண்டியை விற்கும் குணாவின் வீட்டு முன்னால், வாய்க்காலை நோக்கி இறங்கும் தெருவில், மூக்கைக் கீழே நீட்டி நின்றது அந்த ஏழு சீட் வேன். சரக்கு வண்டிக்கு ஜன்னலும் சீட்டும் வைத்து, குடும்பக் கார் என்று பெயர் சூட்டிவிட்ட வகை. எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். ஏசி கிடையாது. தலை சாய்க்கும் மேடுகூடத் தனியாக இல்லை. முன்சீட்டின் முதுகோடு ஒன்றாகவே வார்த்திருந்தது.

"இன்னா குணா, தலகாணியும் மெத்தையும் ஒரே பீஸா? செஞ்சவன் ரொம்ப சிக்கனக்காரன்பா."

குணா சிரிக்கவில்லை. "ணா, கேட்டரிங்காரர் ஒருத்தர் வந்துக்கினே கீறாரு. அண்டா ஏத்த கேக்குறாரு. அவரு உக்காந்தெல்லாம் பாக்க மாட்டாரு. நீங்க சட்டுனு சொல்லுங்க."

எட்வர்ட் சட்டென்று சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, அந்த வேனைப் பரீட்சை வினாத்தாளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்வர்டின் மகள் ஏஞ்சலுக்குப் பதினாறு வயது. சின்ன வயதிலிருந்தே கால்கள் நடக்க ஒத்துழைத்ததில்லை. பத்தாவது வரை பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில் இருந்தது. நாற்காலியை உருட்டிக்கொண்டே போய் வந்தாள். பதினொன்றாவது திருவள்ளூரில். முதல் நாள் ஆட்டோக்காரர் நல்ல மனதோடு அவளை அலாக்காகத் தூக்கி, பள்ளி வாசலில் அத்தனை பேர் பார்க்க இறக்கினார். வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள்: "இனிமே யாரும் என்னத் தூக்கக் கூடாது. நீயுந்தான் நைனா. தூக்கினாத்தான் போவ முடியும்னா, நான் போவல."

அதற்குப் பிறகு போகவில்லை. அம்மா ரோசம்மாள் அழுது பார்த்தாள். எட்வர்ட் ஜோக் அடித்துப் பார்த்தான். இரண்டும் ஒரே அளவுக்குத்தான் பலித்தன. கடைசியில் ரோசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரைவிங் கற்று லைசென்ஸ் எடுத்தாள். எட்வர்ட் வண்டி தேடினான்.

அவன் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் ஃபிட்டர். அளக்கும் டேப் இல்லாமல் எதையும் நம்ப மாட்டான். ஏஞ்சல் தூங்கும்போது நாற்காலியின் உயரத்தை அளந்தான். பிறகு குணா வீட்டுக்கு வந்து வேனின் நடுசீட்டை அளந்தான். இரண்டும் கச்சிதமாக ஒரே மட்டம். நகர்ந்தால் போதும், அவளே ஏறிவிடலாம்.

ரோசம்மாள் நாற்காலியைக் கதவோரம் நிறுத்திப் பிரேக் போட்டாள். குணா பக்கவாட்டுக் கதவைப் பின்னால் இழுத்துத் திறந்தான்.

ஏஞ்சல் சீட்டைப் பார்த்தாள். தன் இடுப்பைப் பார்த்தாள். "நைனா, சீட்டு ஒசரமா கீதே."

"ஒரே மட்டம்மா. அளந்தேனே."

"நான் உக்காந்தப்ப அளந்தியா?"

எட்வர்ட் பாக்கெட்டிலிருந்த டேப்பைத் தொட்டுப் பார்த்தான். காலி நாற்காலியை அளந்திருக்கிறான். ஆள் உட்கார்ந்தால் குஷன் அமுங்கும் என்பது ஃபிட்டர் ஐயாவுக்குத் தோன்றவில்லை.

"பரவால்ல, ட்ரை பண்றேன்" என்றாள் ஏஞ்சல். "தள்ளி நில்லு."

தள்ளி நின்றான். இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டான். வெளியே இருந்தால் கை சொன்ன பேச்சைக் கேட்காது.

வலது கையைச் சீட்டில் ஊன்றி, இடது கையால் நாற்காலியை அழுத்தி எழும்பினாள். உடம்பு பாதி தூரம் போனது. அங்கேயே நின்றுவிட்டது. சீட்டிலும் இல்லை, நாற்காலியிலும் இல்லை.

"ஏஞ்சலு..." ரோசம்மாள் ஒரு அடி வைத்தாள்.

"வராதம்மா!"

அப்போதுதான் எட்வர்ட் அதைப் பார்த்தான். தெருச் சரிவு. கதவைத் திறந்தபடி பிடித்துவைக்கும் கொக்கி தேய்ந்துபோயிருக்க வேண்டும். கதவு மெதுவாக, சத்தமே இல்லாமல், மகளை நோக்கி உருண்டு வந்தது.

பாய்ந்து முழங்கையைக் குறுக்கே கொடுத்தான். கதவு எலும்பில் இடித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. மகள் ஒரு சாண் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு கையால் ஒரு தள்ளு, ஒரே ஒரு தள்ளு கொடுத்தால் முடிந்தது.

"நைனா, தொடாத!"

"உன்னத் தொடலம்மா. கதவத்தான் தொட்டேன்."

கேட்டரிங்காரரின் பைக் தெருமுனையில் ஹாரன் அடித்தது. குணா அந்தப் பக்கம் திரும்பினான். ஏஞ்சலின் இடது கை நாற்காலியை விட்டுவிட்டு, காற்றில் துழாவி, முன்சீட்டின் உச்சியைப் பிடித்தது. எட்வர்ட் கேலி செய்த அதே மேட்டை. வேறு காராக இருந்தால் அந்தத் தலைமேடு கழன்று கையோடு வந்திருக்கும். இது அசையவில்லை. பல்லைக் கடித்து இழுத்தாள். ஒரு முனகல். சீட்டில் தொப்பென்று விழுந்தாள்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு சீட்டை அமுக்கிப் பார்த்தாள்.

"கல்லாட்டம் கீது. காத்து வரல. பெட்ரோல் வாசன வேற."

வேண்டாம் என்கிறாள் என்றே எட்வர்ட் நினைத்தான். பைக்கை நிறுத்திவிட்டு வந்த கேட்டரிங்காரர், "இன்னாப்பா, முடிஞ்சிதா?" என்றார்.

ஏஞ்சல் முன்சீட்டின் உச்சியை இன்னும் விடவில்லை. "முடிஞ்சிதுங்க. இது எங்க வண்டி. அந்தக் கொக்கிய மட்டும் மாத்தணும் நைனா."

"நானே மாத்தறேன்" என்றான் எட்வர்ட். வெளியே நின்ற சக்கர நாற்காலியைக் காட்டினான். "இதையாவது நான் தூக்கலாமா?"

"அதத் தூக்கு" என்றாள்.

வீங்கிய முழங்கையோடு அதை மடக்கித் தூக்கிக்கொண்டு பின்கதவுப் பக்கம் போனான். அங்கே முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேண்டுமென்றே மெதுவாகத் திரும்பி வந்தான். அதற்குள் ரோசம்மாள் டிரைவர் சீட்டில் ஏறி, சாவிக்காகக் குணாவிடம் கையை நீட்டியிருந்தாள்.