மாப்பிள்ளைக்கு ஓர் எலுமிச்சம்பழம்

துபாயில் நாய் வண்டி ஓட்டியவன் நான். சிரிக்க வேண்டாம். ஒரு மாலுக்குள் பெரிய கொட்டகை போட்டு, மெஷினால் பனி கொட்டி, சறுக்கு வண்டியில் ஆறு நாய்களைப் பூட்டி, பிள்ளைகளை உட்காரவைத்து இழுக்கவிட்டார்கள். அதில் ஏழு வருஷம் எனக்கு டியூட்டி. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே நான் குல்லாவும் மஃப்ளரும் சுற்றிக்கொண்டு கண் மட்டும் தெரிய நிற்பேன். என் மனைவி சுந்தராம்பாள் ஊரில் ‘அவர் துபாயில் டிரைவர்’ என்று சொல்லி வைத்திருக்கிறாள். என்ன வண்டி என்று யாராவது கேட்டால் அடுப்பில் பால் இருப்பதாக எழுந்து போய்விடுவாளாம்.

நாய்களுக்குக் கம்பெனி வைத்த இங்கிலீஷ் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. நானே வேறு வைத்தேன். சூப்பர்வைசர் என்று ஒன்று. அதன் கயிறு ஒரு நாளும் விறைத்ததில்லை, ஆனால் எல்லாரையும்விட அதற்குத்தான் மூச்சு வாங்கும். கண்டக்டர் ஒவ்வொரு திருப்பத்திலும் ஊளையிடும். அக்கா தங்கை என்று இரண்டு. பக்கத்தில் பூட்டினால் சண்டை, பிரித்துப் பூட்டினால் அழுகை.

எல்லாவற்றுக்கும் முன்னால் போவது மாப்பிள்ளை. தட்டை வைத்துவிட்டு மூன்று தடவை கூப்பிட்டால்தான் தின்னும். பக்கத்து நாய்க்கு முதலில் வைத்துவிட்டாலோ, அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். சாயங்காலம் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, காலி வண்டியைத் தோளில் கயிறு போட்டு நான் ஷெட்டுக்கு இழுத்துப் போவேன். மாப்பிள்ளை அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நாளெல்லாம் இழுத்த பிராணி, கொஞ்ச நேரம் ஊர்வலம் போகட்டும் என்று நானும் விட்டுவிடுவேன்.

போன டிசம்பரில் அந்த ஆட்டம் கலாஸ். நாய்களை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். நான் அல் குசைஸில் மீன் வைக்கிற குளிர்கிடங்கில் சேர்ந்தேன். குளிர் என்னை விடுவதாக இல்லை.

ஜனவரியில் ஒரு போன் வந்தது. உமாபதி என்ற இன்ஜினியர், மதுரைக்காரர், மாப்பிள்ளையைத் தத்தெடுத்தவர். நாயின் பேப்பரில் என் நம்பர் இருந்ததாம். கூண்டோடு வீட்டுக்குள் வந்து இறங்கியதோடு சரி, மூன்று வாரமாக நாய் வாசற்படியைத் தாண்டவில்லை. எல்லாம் பால்கனியில். கீழ் வீட்டு அம்மாள் காயப்போட்ட துணி நனைந்து, அது வழக்காகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நாய் வெளியே போகப் பழகாவிட்டால் நாயையே வெளியேற்ற வேண்டும் என்று பில்டிங்கில் சொல்லிவிட்டார்கள். டாக்டர் கால் நன்றாக இருக்கிறது என்கிறார். பயிற்சி கொடுக்க வந்தவர் மனதில் ஆழமான காயம் என்கிறார். திருப்பிக் கொடுத்தால் கூண்டுதான். ஒன்பது வயசு நாயை யார் எடுப்பார்கள்?

சனிக்கிழமையே புறப்பட்டேன். ரூமில் கூட இருக்கிற ராஜிக்கிடம் பெருமையடித்துக்கொண்டேன்: என்னைப் பார்த்ததும் தாவி விழுந்து சட்டையைக் கிழித்துவிடும், அதனால் இன்னொரு சட்டை எடுத்துப் போகிறேன் என்று.

மாப்பிள்ளை சோபாவில் படுத்திருந்தது. தலையைத் தூக்கி, சிலிண்டர் போட வந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. உமாபதியின் மகள் தாரிணி அம்மாவிடம் இங்கிலீஷில் ஏதோ முணுமுணுத்தாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனாலும் புரிந்தது. ஏழு வருஷம் சோறு வைத்தவன். பையிலிருந்த மாற்றுச் சட்டையை இன்னும் உள்ளே திணித்தேன்.

ஆனாலும் வந்த வேலையைப் பார்த்தேன். வண்டி கிளப்பும்போது சொல்கிற ‘யல்லா’வைச் சொன்னேன். மூன்று தடவை அழைத்தேன். வாசலுக்கு வெளியே பிஸ்கட் வைத்தேன். அது உள்ளேயே படுத்து, ஒரு காலை மட்டும் நீட்டி பிஸ்கட்டை இழுத்துக்கொண்டது. பின்னாலிருந்து தள்ளியதில் எனக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது.

பாவம், வியர்த்துவிட்டது என்று உமாபதியின் மனைவி வசந்தகுமாரி எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் இரண்டு காதும் நிமிர்ந்தன.

எனக்குச் சுரீரென்றது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் வண்டி இரண்டு தடவை கவிழ்ந்தது. ஊரில் புது வண்டி எடுத்தால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் கிளப்புவோமா? மேனேஜர் பார்க்காத நேரத்தில் நானும் சறுக்குக் கட்டைக்கு அடியில் ஒன்று வைத்தேன். அப்புறம் கவிழவில்லை. அதற்குமேல் நிறுத்த யாருக்குத் தைரியம் வரும்? தினம் காலையில் ஒரு பழம், ஏழு வருஷம். பயம் எனக்கு, பழக்கம் நாய்க்கு. பழம் நசுங்கினால்தான் புறப்பாடு என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆழமான மனக்காயமாம்.

“எலுமிச்சம்பழம் முழுசா ஒண்ணு இருக்குங்களாம்மா?”

இன்னொரு கிளாஸ் போடட்டுமா என்று கேட்டார் அவர்.

“குடிக்க இல்லம்மா. நசுக்க.”

தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். உமாபதி திட்டுவார் என்று நினைத்தேன். தன்னுடைய இரண்டு காருக்கும் பழம் வைத்தவர் போலிருக்கிறது. எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்தார்.

நசுக்க ஒரு வண்டி வேண்டுமே. ஊருக்குப் போகிற பெரிய சூட்கேஸைக் கொண்டுவந்து படுக்கவைத்தோம். தாரிணியின் பழைய ஸ்கேட்டிங் பலகை ஒன்று இருந்தது. அதன்மேல் சூட்கேஸைக் கட்டி, முன்னால் ஒரு கயிறும் கட்டி, தாரிணியை ஏற்றி உட்காரவைத்து, வாசற்படியில் பழத்தை வைத்து ஒரு தள்ளு தள்ளினேன். பழம் பச்சக்கென்று நசுங்கியது.

மாப்பிள்ளை சோபாவிலிருந்து பறந்து வந்து, தானே வண்டிக்கு முன்னால் போய் நின்றது. கயிற்றை மாட்டியதுதான் தாமதம், வராந்தாவில் தாரிணி கூச்சலோடு போக, உமாபதி ஒற்றைச் செருப்போடு பின்னால் ஓடினார். லிஃப்டில் அது நெஞ்சை நிமிர்த்தி நின்றது. கீழே வாட்ச்மேன் நாற்காலியோடு ஒதுங்கினார். பில்டிங்கை ஒரு சுற்று சுற்றி, ஒரு பேரீச்ச மரத்தடியில் காலைத் தூக்கி, வெகுநேரம் அப்படியே நின்றது. வசந்தகுமாரி கைதட்டினார்.

நாய்க்கு வீடு நிலைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதற்குப் பழத்தை ஞாபகம் இருக்கிறது, என்னை இல்லை. நாயை அவிழ்த்துவிட்டு, வண்டியையாவது மேலே கொண்டுபோய் வைப்போம் என்று கயிற்றைத் தோளில் போட்டுத் திரும்பி நடந்தேன். இரண்டடி போனதும் வண்டி கனத்தது.

மாப்பிள்ளை சூட்கேஸ்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. நான் திரும்பிப் பார்த்தால், அதே சிலிண்டர்காரன் பார்வை. முன்பக்கம் திரும்பினால், பின்னால் வால் சூட்கேஸில் படபடவென்று அடிக்கிறது. மறுபடி திரும்பினேன், வால் நின்றது. அப்போதுதான் புரிந்தது. என் முகத்தை அது எங்கே பார்த்தது? எப்போதும் மஃப்ளர், குரலும் அதற்குள்ளிருந்துதான். மீன் கிடங்கில் என் வாடையும் மாறிவிட்டது. அதற்குத் தெரிந்ததெல்லாம் சாயங்காலத்தில் வண்டி இழுக்கிற என் முதுகு. நான் அதன் டிரைவர் இல்லை, ஏழாவது நாய்.

கொண்டுபோன சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னும் மூன்று சுற்று இழுத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அதற்கு என்னைத் தெரியாமல் போய்விடும்.